எங்கே இழுத்தது என்று சொல்லுங்கள்: படம் பார்த்துக் கருத்துச் சொல்வோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பார்வையாளர்களுக்கு,

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் கைபேசியை எடுத்து "ஒரு தடவ பாக்கலாம்", "செகண்ட் ஹாஃப் லேக்", "பிஜிஎம் வேற லெவல்", "சிஜி மொக்கை" என்று தட்டிவிடுகிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். விமர்சகர்களுக்கு இல்லை. அவர்களுக்குத் தனியாக ஒன்று எழுத வேண்டியிருக்கிறது, அது கொஞ்சம் காரமாக இருக்கும்.

எழுதுகிறவர்கள் எடிட்டிங் மேசையிலும், பேச்சையும் இசையையும் மற்ற ஒலிகளையும் சேர்த்து அளவு பார்க்கும் மிக்ஸிங் அறையிலும், ப்ரொஜெக்டர் அறையிலும் வேலை பார்ப்பவர்கள். நீங்கள் போடுவதை நாங்கள் படிக்கிறோம், ஒரு வரி விடாமல். சிக்கல் என்னவென்றால், படித்து முடித்தபின் எங்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. வைத்தியரிடம் போய் "உடம்பு மொக்கை" என்று யாரும் சொல்வதில்லை. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, அழுத்தினால் கூடுகிறதா என்று சொல்கிறோம். படத்துக்கும் அப்படிச் சொன்னால் போதும். மருந்து எழுதும் வேலையை எங்களிடம் விட்டுவிடுங்கள்.

மருந்தையும் கேட்டு வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேட் ரன்னர்’. 1982-இல் வெளியீட்டுக்கு முன் நடந்த சோதனைக் காட்சிகளில் பார்த்தவர்கள் பலர் குழம்பிப்போனார்கள். குழம்பியது உண்மை, அது நல்ல தகவல். ஆனால் அதற்குக் கண்டுபிடித்த வைத்தியம், கதாநாயகனின் குரலிலேயே விளக்கம் ஓடவிடுவது. முடிவையும் சுபமாக்கினார்கள். 1992-இல் வந்த இயக்குநர் பதிப்பில் அந்தக் குரலும் இல்லை, சுப முடிவும் இல்லை. இதற்கு நேர் எதிரான சம்பவம் 1975-இல் வந்த சுறா படமான ‘ஜாஸ்’. முன்னோட்டக் காட்சியில் ஜனங்கள் அலறியதைக் கேட்ட ஸ்பீல்பெர்க்குக்கு இன்னும் ஓர் அலறல் வேண்டும் என்று தோன்றியது. மூழ்கிய படகின் ஓட்டையில் இறந்தவரின் தலை தெரியும் காட்சியை, படத்தொகுப்பாளர் வெர்னா ஃபீல்ட்ஸ் வீட்டு நீச்சல் குளத்தில் மறுபடி எடுத்தார். அந்த ஜனங்கள் ஆலோசனை ஏதும் சொல்லவில்லை. எந்த இடத்தில் அலறினார்கள் என்பது மட்டும் தெரிந்தது, அதுவே போதுமாக இருந்தது.

இப்போது உங்கள் பட்டியலிலேயே அதிகம் வரும் புகாரை எடுத்துக்கொள்வோம்: "டயலாக் புரியல."

இந்த இரண்டு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு புகார் ஒளிந்திருக்கிறது. பேச்சுக்குச் சத்தமே போதவில்லை என்பது ஒன்று. சத்தம் இருக்கிறது, சொல் பிடிபடவில்லை என்பது இரண்டாவது. சொல்லெல்லாம் காதில் விழுந்தது, அந்த ஆள் அதை எதற்கு இப்போது சொல்கிறார் என்பதுதான் விளங்கவில்லை என்பது மூன்றாவது. முதலாவது பெரும்பாலும் தியேட்டரின் கோளாறு. இரண்டாவது தியேட்டராகவும் இருக்கலாம், மிக்ஸிங்காகவும் இருக்கலாம். மூன்றாவது எழுத்து. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சொன்னால், பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று ஆகிவிடுகிறது.

சத்தம் எப்படிக் குறைகிறது என்று சொல்கிறோம். மிக்ஸிங் அறையும் தியேட்டரும் ஒரே அளவுகோலில் அளந்து வைக்கப்பட்டவை. சோதனை இரைச்சலை ஓடவிட்டு, திரைக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கரும் 85 டெசிபல் காட்டும்படி சரிசெய்வார்கள். தியேட்டரின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டால்பி வகைக் கருவியில் அந்த நிலைக்கு எண் 7. நாங்கள் 7-இல் வைத்துக் கேட்டு முடித்த படம், தியேட்டரிலும் 7-இல் ஓட வேண்டும். ஓடுவதில்லை. ஏதோ ஒரு நாள் ட்ரைலர் காதைப் பிளந்தது என்று யாரோ போய்ச் சொல்லியிருப்பார்கள். ஆப்பரேட்டர் 5-க்கு இறக்கியிருப்பார். அதன் பிறகு அந்தக் குமிழை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஒரு எண்ணுக்கு 3.3 டெசிபல் வீதம், 7-இலிருந்து 5-க்கு வந்தால் கிட்டத்தட்ட 6.7 டெசிபல் போய்விடும். ஒலி ஆற்றலாகப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். சண்டைக் காட்சி அப்போதும் கேட்கும். அம்மா மகனிடம் தணிந்த குரலில் பேசுவதுதான் ஏசி இரைச்சலுக்குள் அமுங்கிப்போகும்.

இதற்கு எதிர்வினையாக எங்கள் ஆட்கள் சிலர் என்ன செய்கிறார்கள் என்றால், எப்படியும் தியேட்டரில் குறைக்கப்போகிறார்கள் என்று சொல்லி முன்கூட்டியே ஏற்றி மிக்ஸ் செய்கிறார்கள். அது 7-இல் ஓடினால் காது தாங்காது. ஆப்பரேட்டர் 4.5-க்கு இறக்குகிறார். இந்தக் கயிறிழுப்பில் பாதிப் பழி எங்களுடையது, மறைக்க ஒன்றுமில்லை.

இரண்டாவது வகைக்கு வருவோம். பேச்சு பெரும்பாலும் திரைக்கு நேர் பின்னால் நடுவில் இருக்கும் ஒரே ஒரு ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. திரையில் பொடிப்பொடித் துளைகள் இருப்பது அதற்காகத்தான். அந்த நடு ஸ்பீக்கரில் உச்ச ஒலிகளைத் தரும் பகுதி மட்டும் எரிந்துபோனால் சத்தம் குறையாது. உயிரொலி முழுசாக வரும், மெய்யொலி மழுங்கும். "பசி" என்றாரா "படி" என்றாரா என்று தெரியாது. வாயில் துணியை வைத்துப் பேசுகிற மாதிரி இருக்கும். பக்கவாட்டிலிருந்து வரும் பாட்டோ கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, படத்துக்கு முன் ஓடும் விளம்பரங்களையும் ட்ரைலரையும் கவனிப்பது. அவற்றிலும் பேச்சு மொத்தமாக மழுங்கியிருந்தால் கோளாறு அரங்கில். அவை தெளிவாக இருந்து, படத்தில் சில காட்சிகளில் மட்டும் மழுங்கினால் கோளாறு எங்களிடம். எந்தக் காட்சி என்று சொன்னீர்கள் என்றால் அடுத்த படத்திலாவது திருந்துவோம்.

இங்கே நீங்கள் எங்களைவிட மேலான இடத்தில் இருக்கிறீர்கள். மிக்ஸிங் அறையில் இருப்பவர்கள் ஒரு வசனத்தைக் குறைந்தது நூறு தடவை கேட்டிருப்பார்கள். காதில் விழாத சொல்லையும் மூளை நிரப்பிக்கொள்ளும். வயலின் கூட்டம் பேச்சின் மேலேயே ஏறி உட்கார்ந்தாலும் எங்களுக்கு வசனம் "கேட்கும்". முதல் தடவை கேட்கும் காது உங்களுடையதுதான். அதை வைத்துக்கொண்டு "ஆடியோ சரியில்லை" என்று மட்டும் எழுதினால் வீணாகிவிடுகிறது. (வேண்டுமென்றே பேச்சை இசைக்குள் மூழ்கவைப்பவர்களும் உண்டு. 2014-இல் ‘இன்டர்ஸ்டெல்லர்’ வந்தபோது கிறிஸ்டோபர் நோலன், சில இடங்களில் வசனத்தையும் ஓர் ஒலியாகவே கையாண்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். பிடிக்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம். தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது.)

உதடும் குரலும் ஒட்டவில்லை என்ற புகாரும் இதற்கு அண்ணன் தம்பிதான். விலகல் படம் முழுக்க ஒரே அளவில் இருந்தால் அது அரங்கின் கருவி. ஆளுக்கு ஆள், வசனத்துக்கு வசனம் மாறினால் டப்பிங். படம் நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிறது. ஒலி ஒரு ஃப்ரேம் நேரத்தில் ஏறக்குறைய 14 மீட்டர்தான் போகும். ஆகவே பெரிய அரங்கில் திரையிலிருந்து 28 மீட்டர் தள்ளிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்கு, எந்தக் கோளாறும் இல்லாமலே குரல் இரண்டு ஃப்ரேம் பிந்தி வரும். பிந்தினால் மனித மூளை பொறுத்துக்கொள்ளும். தூரத்தில் மரம் வெட்டுகிறவரைப் பார்த்துப் பழகியிருக்கிறோம். முந்தினால்தான் உறுத்தும். ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே கண்டுபிடித்துவிடுவோம், பிந்துவதற்கோ 125 மில்லிநொடி வரை இடம் கொடுப்போம் என்பது ஒளிபரப்புத் துறையின் சர்வதேச அளவுகோல். மொழிமாற்றுப் படத்தைப் பார்ப்பதாக இருந்தால் ப, ம இரண்டையும் கவனியுங்கள். இவற்றுக்கு உதடு மூடியே ஆக வேண்டும். திரையில் உதடு மூடும் இடத்தில் குரலிலும் ப-வோ ம-வோ வந்தால் அந்த வசனத்தை எழுதியவர் உழைத்திருக்கிறார் என்று அர்த்தம். பாராட்டி ஒரு வரி போடுங்கள், அவர்களை யாரும் கண்டுகொள்வதே இல்லை.

"படம் ஒரே இருட்டு" என்பது அடுத்தது. திரையின் நடுவில், வெறும் வெள்ளை ஒளி போட்டால் 48 நிட் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது டிஜிட்டல் சினிமாவின் அளவு. பழைய கணக்கில் 14 ஃபுட்-லாம்பர்ட். விளக்கு பழசானால் குறையும். ப்ரொஜெக்டர் அறைக் கண்ணாடியில் தூசி படிந்தால் குறையும். முப்பரிமாணப் படம் ஓட்டிய வடிகட்டியைக் கழற்றாமல் அடுத்த காட்சிக்குச் சாதாரணப் படத்தை ஓட்டினால் வெகுவாகக் குறையும். ஒளிப்பதிவாளரைத் திட்டுவதற்கு முன் பகல் காட்சியைப் பாருங்கள். நண்பகல் வெயிலில் வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாகத் தெரிந்தால் தியேட்டர். பகல் பளிச்சென்று இருந்து, இரவில் மட்டும் யார் எங்கே நிற்கிறார் என்று தெரியாவிட்டால் கேமராவும், எடுத்தபின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் டிஐயும் பதில் சொல்லட்டும். முப்பரிமாணப் பதிப்பின் வெளிச்சத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்லாதீர்கள். அதில் சாதாரணப் பதிப்பின் மூன்றில் ஒரு பங்கு ஒளி கண்ணுக்கு வந்தாலே நல்ல அரங்கு.

தலைகள் மேலே வெட்டுப்பட்டு, எழுத்து திரைக்குக் கீழே வழிகிறதா? படத்தின் அகலம் உயரத்தைப்போல 1.85 மடங்கு, ப்ரொஜெக்டரோ 2.39 மடங்குக்கான அமைப்பில் நிற்கிறது. இதை அந்த நிமிடமே சரிசெய்ய முடியும், ஒரு பொத்தான் வேலை. ஒலி அளவு, வடிகட்டி, இந்த அளவுக் கோளாறு மூன்றையும் முதல் பத்து நிமிடத்துக்குள் எழுந்துபோய்ச் சொன்னால் படம் நிற்காமலே திருத்திவிடலாம். விளக்கையும் ஸ்பீக்கரையும் காட்சி நடுவில் மாற்ற முடியாது. ஆனால் சொல்லும்போது "சவுண்ட் சரியில்ல சார்" என்றால் ஆப்பரேட்டர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். "பேச்சு சத்தம் கம்மி, ஏசி இரைச்சல்ல அமுங்குது" என்று சொல்லிப் பாருங்கள், எழுந்து வருவார்.

இனி எங்கள் எல்லோருக்கும் அலர்ஜியான சொல்: லேக்.

லேக் என்றதும் எடிட்டர் கத்தரியை எடுக்க மறந்துவிட்டார் என்று நினைக்கிறீர்கள். நீளமான ஷாட் அலுப்புத் தருவதில்லை. மூன்று நிமிடம் வெட்டே இல்லாத காட்சியை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பீர்கள். இழுப்பது பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்ததை மறுபடி சொல்லும் காட்சி. அண்ணன் இறந்தது நமக்கு ஏழாவது நிமிடமே தெரியும். தம்பிக்கு நாற்பதாவது நிமிடம் ஒருவர் வந்து சொல்கிறார். தம்பி போய் அம்மாவிடம் சொல்கிறான். ஒரே செய்தியை மூன்று தடவை கேட்கிறோம், ஒவ்வொரு தடவையும் சோக இசையோடு. நடிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கை கைபேசியைத் தேடும். இதற்கு மருந்து ஷாட்டைக் குட்டையாக்குவதல்ல. அப்படிச் செய்தால் அவசரமும் அலுப்பும் ஒன்றாகச் சேரும். சொல்லி முடித்தபின் காட்சியைத் தொடங்க வேண்டும்: கதவு திறக்கிறது, தம்பி நிற்கிறான், அம்மா அவன் முகத்தைப் பார்க்கிறாள், அடுத்த காட்சி.

"முதல் பாதி ஓகே, இரண்டாம் பாதி சொதப்பல்" என்பதற்கும் காரணம் பலமுறை முதல் பாதியிலேயே இருக்கிறது. ஒரு சோதனை சொல்கிறோம். படம் தொடங்கி அரை மணி நேரத்தில் மனதுக்குள் கேளுங்கள்: இந்த ஆளுக்கு என்ன வேண்டும்? கிடைக்காவிட்டால் இவருக்கு என்ன நஷ்டம்? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், பின்னால் எத்தனை திருப்பம் வைத்தாலும் உட்காராது. முதல் பாதி நன்றாக இருப்பதுபோலத் தோன்றியது, எல்லாமே புதுசாக இருந்ததால்தான். அதை எந்த எடிட்டராலும் கத்தரித்துச் சரிசெய்ய முடியாது. இல்லாத காட்சியை வெட்டுவது எப்படி?

எனவே லேக் என்று எழுதத் தோன்றும்போது, நேரம் என்ன ஆச்சு என்று முதன்முதலாக எப்போது நினைத்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். நிமிடக் கணக்கு வேண்டாம், இருட்டில் கைபேசியைப் பிரித்து முன்வரிசைக்காரரின் பிடரியில் ஒளியடிக்கவும் வேண்டாம். "ஆஸ்பத்திரிக் காட்சி", "இரண்டாவது பாட்டு" என்று சொன்னால் புரிந்துகொள்வோம். சுவாரஸ்யம் என்னவென்றால், கோளாறு நீங்கள் சொல்லும் காட்சியில் இருக்காது, அதற்கு இரண்டு காட்சி முன்னால் இருக்கும். ஆனாலும் அந்த இடத்தைச் சொன்னால்தான் நாங்கள் பின்னோக்கித் தேட முடியும்.

சிஜி, அதாவது கணினியில் உருவாக்கும் காட்சிகள் பற்றி. "பொம்மை மாதிரி இருந்துச்சு" என்று குழந்தைகள் சொல்வது "சிஜி வொர்ஸ்ட்" என்று பெரியவர்கள் எழுதுவதைவிட எவ்வளவோ மேல். ஏன் பொம்மை என்றால், எடை தெரியவில்லை. விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மனிதனைவிட ஒன்பது மடங்கு உயரமான பூதம் குப்புற விழ மூன்று மடங்கு நேரமாவது ஆக வேண்டும். இயக்குநருக்கு வேகம் வேண்டும் என்பதால் பூதத்தை மனித வேகத்தில் விழவைக்கிறார்கள், கண் உடனே "சின்னது" என்று கண்டுபிடித்துவிடுகிறது. சிறிய மாதிரி வடிவங்களை வைத்து எடுத்த காலத்திலும் இதே கணக்குதான். பதினாறில் ஒரு பங்கு அளவுக் கப்பலை நான்கு மடங்கு ஃப்ரேம் வேகத்தில், அதாவது நொடிக்கு 96 ஃப்ரேமில் எடுத்தால்தான் தண்ணீரின் அலை நிஜ அலை போலத் தெரியும். கால் தரையில் பதியாமல் மிதப்பது, பின்னணியில் சூரியன் இடப்பக்கம் இருக்க உருவத்துக்கு ஒளி வலப்பக்கம் விழுவது, இவை மற்ற இரண்டு பெரிய குற்றங்கள். மிதந்ததா, எடை இல்லையா, ஒளி ஒட்டவில்லையா? ஒரு சொல் போதும்.

நடிப்பைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல ஒன்றுமில்லை. அதில் நீங்கள் ஏமாறுவது அபூர்வம்.

வீட்டில் பார்த்துவிட்டு எழுதுகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். "படம் சீரியல் மாதிரி இருக்கு" என்று எழுதும் முன் டிவியின் அமைப்புக்குள் போய், அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணையுங்கள். 24 ஃப்ரேமுக்கு நடுவே இல்லாத ஃப்ரேம்களை டிவி தானாகவே வரைந்து நிரப்புகிறது. அதனால் வருவதுதான் அந்த சீரியல் தோற்றம். பல டிவிகளில் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்று ஒன்று இருக்கும், 2019-இல் அறிவிக்கப்பட்டது, அதைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. பாட்டு நன்றாகக் கேட்டு, பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தால், டிவிக்கு இரண்டு ஸ்பீக்கர் இருக்க, ஒலி 5.1-ஆக, அதாவது ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்து வெளியேறிக்கொண்டிருக்கலாம். நடு ஸ்பீக்கருக்கான பேச்சு போக இடமில்லாமல் தவிக்கிறது. ‘ஸ்டீரியோ’ என்று மாற்றுங்கள். 1.25 வேகத்தில் ஓட்டிப் பார்த்தவர்கள் அதையும் சேர்த்தே எழுதிவிடுங்கள். தப்பில்லை, ஆனால் அப்புறம் எடிட்டிங் பற்றிப் பேசக் கூடாது.

நட்சத்திரம் போடுவது உங்கள் இஷ்டம். இரண்டு விஷயம் மட்டும். ‘ராட்டன் டொமேட்டோஸ்’ தளத்தில் 95 சதவீதம் என்றால் படத்துக்கு நூற்றுக்கு 95 மதிப்பெண் என்று பொருள் இல்லை. நூறு விமர்சனத்தில் 95 சாதகமானவை என்றுதான் பொருள். எல்லோரும் "பரவாயில்லை" என்று சொன்ன படம்கூட 100 வாங்கிவிடும். பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடி, மீதிப் பேர் வெறுத்த படம் 50-இல் நிற்கும். உங்களுக்கு எது பிடிக்கும் என்று அந்த எண் சொல்லாது. அடுத்தது, ஓர் அனுபவத்தை நாம் நினைவு வைப்பது அதன் உச்சத்தையும் முடிவையும் வைத்துத்தான் என்று டேனியல் கானமன் போன்ற உளவியலாளர்கள் 1990-களிலேயே சோதித்துக் காட்டினார்கள். கிளைமாக்ஸ் தூக்கிவிட்டால் நடுவில் கொட்டாவி விட்டது மறந்துபோகும். எனவே எங்கே இழுத்தது, எங்கே சிரித்தோம் என்பதை வெளியே வந்ததும் குறித்துவையுங்கள். நட்சத்திரத்தைத் தூங்கி எழுந்து போடுங்கள்.

இவ்வளவும் எழுத வேண்டுமா என்று மலைக்காதீர்கள். நாங்கள் கேட்பது இந்த அளவுதான்:

"பின்வரிசை, சாதாரணப் பதிப்பு. ட்ரைலர்ல பேச்சு தெளிவு, படத்துல மழைச் சண்டைக்கு முன்னாடி வர்ற டயலாக் மட்டும் பிடிபடல. கோர்ட் சீன்ல முதல் தடவ டைம் பாக்கத் தோணுச்சு. யானை நடக்கும்போது கால் மிதந்துச்சு. அந்தத் தாத்தா பேசாம எழுந்து போற இடத்துல பக்கத்து சீட்காரரும் அழுதார்."

இதில் "நல்லா இருக்கு", "நல்லா இல்ல" எதுவுமே இல்லை. ஆனாலும் ஒலிக்காரர், எழுதியவர், சிஜி குழு, எடிட்டர் நாலு பேருக்கும் வேலை கிடைத்துவிட்டது. பக்கத்து சீட்காரரைப் பற்றிய அந்தக் கடைசி வரியை எடிட்டர் வெட்டி எடுத்து மேசையில் ஒட்டிவைத்துக்கொள்வார்.

இப்படிக்கு,
கடைசிப் பெயர்கள் ஓடும்போது நீங்கள் எழுந்து போய்விடுகிற நேரத்தில் திரையில் வருகிறவர்கள்